தாய்வீட்டுப் புள்ளிகள்

சிக்குன்குன்யா ஊரையே மூட்டுக்கு மூட்டு முடக்கிப் போட்ட 2009-இல்தான் எங்கள் பள்ளிக்கு நான்கு கம்ப்யூட்டரும் ஆமை வேக இன்டர்நெட்டும் வந்தன. புவியியல் டீச்சரான எனக்கு அது போதாதா? வானத்திலிருந்து எடுத்த ஊர்ப் படத்தைத் திரையில் இறக்கி, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைத் தெருத்தெருவாக அனுப்பினேன். காய்ச்சல்காரர் படுத்திருக்கும் வீட்டுக்கெல்லாம் ஒரு சிவப்புப் புள்ளி.

புள்ளிகள் வாய்க்கால் தெருவில் போய் மொய்த்தன.

"நான் அப்பவே சொன்னேன்ல ரெஹானா டீச்சர், எல்லாம் அந்த வாய்க்காத் தண்ணிதான்" என்றார் தலைமையாசிரியர் ராக்கையா. படத்தைப் பிரின்ட் எடுத்துப் பள்ளி வாசலிலும் ஒட்டினார். நான் பக்கத்தில் பெருமையாக நின்றேன்.

மறுநாளே வாய்க்கால் தெரு கருத்தம்மாள் தன் இட்லிக் கடையில் ஈ ஓட்டினாள். அந்த அடுப்பு எரிந்தால்தான் அவளுக்கும் மகள் பாண்டீஸ்வரிக்கும் சோறு. பாண்டீஸ்வரி என் வகுப்புதான். திரைக்கு முன்னால் வந்து இடுப்பில் கை வைத்தபடி முறைத்தாள்.

"டீச்சர், இந்தப் புள்ளி எங்க அக்கா. மேலத்தெருவுல வாக்கப்பட்டவ. காய்ச்சலு அங்கனதான் வந்துச்சு. கையக் கால அசைக்க முடியலன்னு எங்கம்மா இங்கன கூட்டியாந்துச்சு. இது கிருபாவதி மதினி. அவுகளும் மேலத்தெருவுல இருந்துதான் வந்தாக."

எனக்குச் சுரீரென்றது. எங்கள் ஊரில் பெண்ணுக்கு உடம்புக்கு முடியவில்லையென்றால் முதல் ஆஸ்பத்திரி தாய்வீடுதான். வாய்க்கால் தெருவில் பெண் எடுப்பது மேலத்தெருவுக்குத் தலைமுறை வழக்கம். கொசு கடித்த இடத்தைக் கேட்காமல் கஞ்சி குடித்த இடத்தைக் கேட்டிருக்கிறேன், மண்டு.

"மறுபடி கெளம்புங்க" என்றேன். "காய்ச்சல் வந்தப்ப எந்த வீட்டுல இருந்தாகன்னு கேளுங்க."

சாயங்காலம் பாண்டீஸ்வரியே புள்ளிகளை நகர்த்தினாள். ஒவ்வொன்றுக்கும் வகுப்பு கைதட்டியது. வாய்க்கால் தெரு வெளுத்தது, மேலத்தெரு சிவந்தது. புள்ளிகளுக்கு நட்டநடுவே, மாடியில் மூடியில்லாத சிமெண்ட் தொட்டியோடு ஒரு வீடு. கைதட்டல் நின்றுவிட்டது.

தலைமையாசிரியர் வீடு.

ஏறிப் பார்த்தோம். பளிங்கு மாதிரித் தண்ணீர், அதில் கொசுப்புழுக்கள் குதியாட்டம் போட்டன.

"நல்ல தண்ணிதானம்மா இது?" என்றார் ராக்கையா சார்.

"இந்தக் கொசுவுக்கு அதுதான் சார் பிடிக்கும். ஓடுற வாய்க்கால்ல முட்டை போடாது" என்றேன்.

சிமெண்ட் தொட்டியைக் கவிழ்க்க முடியாது, இல்லையென்றால் ராக்கையா சார் அப்போதே கவிழ்த்திருப்பார். மறுநாள் காலை பழைய படத்தைத் தன் கையாலேயே கிழித்துவிட்டுப் புதுப்படத்தை ஒட்டினார். தன் வீட்டைச் சுற்றிப் பேனாவால் பெரிதாக வட்டமும் போட்டிருந்தார். எனக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது.

அங்கிருந்து நேரே இட்லிக் கடைக்கு நடந்தார். பின்னாலேயே நாங்களும், வேடிக்கை பார்க்க அரை ஊரும்.

"மேலத்தெருக்காரகளுக்கு இங்கன என்ன சோலி?" என்றாள் கருத்தம்மாள், தலையை நிமிர்த்தாமல்.

ராக்கையா சார் தெருவைப் பார்த்த பெஞ்சில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உட்கார்ந்தார்.

"எங்கம்மா பொறந்த தெரு ஆத்தா இது. தாய்வீட்டுக்கு வந்திருக்கேன், நாலு இட்லி வையி."

பாண்டீஸ்வரிதான் இலை போட்டாள். அவர் சாப்பிட்டு எழுவதற்குள் பெஞ்சில் இடமில்லை. நான் நின்றுகொண்டே சாப்பிட்டேன்.