ஈரத்தில் கட்டிய கயிறு

எங்களிடம் சுக்கு வாங்கும் விருதுநகர் கடையிலிருந்து தந்தி வந்தது 1979 ஜூலை மாதம், ஒரு வியாழக்கிழமை. எங்கள் மட்டாஞ்சேரி கிடங்கிலிருந்து போன லாரியில் சிவகிரிக்குப் பக்கத்தில் ஐந்து மூட்டை சுக்கு சரிந்து, சைக்கிளில் வந்த ஒருவரின் கால் முறிந்துவிட்டது.

அந்த லாரிக்குக் கயிறு கட்டியவர் பிச்சைமணி. பதின்மூன்று வருடமாக எங்கள் கிடங்கில் கடைசி இழுப்பு அவருடையதுதான். முதலாளி, கணக்குப்பிள்ளையான என்னைக் கூப்பிட்டு, "கட்டிய ஆளை நீக்கிவிட்டோம்னு விருதுநகர்காரங்களுக்கு எழுது" என்றார். எழுதினேன். கையெழுத்தும் வாங்கினேன். மறுநாள் மாலைத் தபாலில் போக வேண்டியது; விஷயம் கிடங்கு முழுக்கத் தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மதியம் லாரி திரும்பியது. டிரைவர் சுடலைமுத்து கயிற்றுச் சுருளைக் கீழே எறிந்தார். பிச்சைமணி அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"முடிச்ச அவுத்தீரா வே?"

"அவுக்க எங்க நேரம்? கொக்கியிலேர்ந்து கழட்டிச் சுருட்டுனதுதான்."

முடிச்சு எதுவும் நழுவவில்லை. மேஸ்திரி ராஜப்பன் குனிந்து பார்த்தார்.

"முடிச்சு நல்லாத்தான் இருக்கு. பின்னே எந்தா, மூட்டை தானா கீழே சாடியோ?"

பிச்சைமணி கயிற்றை விரலால் அழுத்திப் பார்த்தார். "அப்பு, லோடு ஏத்துன செவ்வாக்கிழமை இந்தக் கயிறு எங்க கிடந்துச்சு?" என்று கேட்டார்.

"முற்றத்திலே. மழையிலே" என்றான் சுமைதூக்கும் அப்பு.

பிச்சைமணி என்னிடம் வந்தார். "சார், அந்தக் கடுதாசி நாளைக்குப் போகட்டுமே."

"எதுக்கு?"

"கயிறு ஈரமா இருந்தா விறைப்பா நிக்கும். காஞ்சா நீளுமோன்னு ஒரு சந்தேகம். கட்டிப் பாத்தாத் தெரியும்."

"இந்த மழையில எங்க காயப்போகுது?" என்றார் ராஜப்பன்.

பிச்சைமணியின் மனைவி மாடத்தி எங்களிடம் சுக்கு புடைக்கிறவள். முறத்தை வைக்காமலே சொன்னாள்: "ஏன், அடுப்பு ரூம்பு இல்லியா? அங்க மனுசனே சுக்காக் காயுதான்."

மழைக்காலத்தில் சுக்குக்குப் பூசணம் பிடிக்காமலிருக்கக் கரியடுப்பு மூட்டிவைக்கும் அறை அது. பிச்சைமணி கயிற்றைத் தொட்டித் தண்ணீரில் நன்றாக ஊறவைத்து, அந்த அறையின் இரண்டு தூண்களுக்கு நடுவே காலை உதைத்து இழுத்துக் கட்டினார். விரலால் சுண்டினால் 'டொய்ங்' என்றது. தபால்தலை தீர்ந்துவிட்டது என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கடிதத்தை மேஜைக்குள் வைத்தேன். அவரிடம் நான் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை பத்து மணிக்கு எல்லோரும் போய்ப் பார்த்தோம். முடிச்சு அப்படியே இருந்தது. கயிறு நடுவில் ஒரு சாண் தொங்கிக் கிடந்தது.

ராஜப்பன் அதைக் கையால் அமுக்கினார். "எண்டம்மோ! இதைக் கட்டியா ஆரியங்காவு மலை கேறிப் போச்சு?"

அதுவரை வாசலில் நின்ற சுடலைமுத்து பேசினார். "மலை எறங்குனதும் சுள்ளுன்னு வெயிலு, காத்து. செங்கோட்டையில நிறுத்தி ஒரு இழுப்பு இழுத்திருக்கணும். எப்பவும் இழுப்பேன். அன்னைக்கு வீட்டுல ஒரு எட்டு எட்டிப் பாத்துட்டுப் போவோம்னு அவசரம். நிறுத்தலை."

மூட்டை சரிந்த நாளிலிருந்து அவர் இதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. பிச்சைமணி கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஈரக் கயித்தக் கட்டுனது நாந்தான வே. சார், ரெண்டையும் எழுதுங்க. அந்தக் கால் ஒடிஞ்சவரு பேரு என்ன?"

எனக்குத் தெரியவில்லை. தந்தியில் பெயர் இல்லை, நானும் கேட்டிருக்கவில்லை.

"ராமர்" என்றார் சுடலைமுத்து. "தென்காசி ஆஸ்பத்திரியில கிடக்காரு."

பழைய கடிதத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். கயிறு நனைந்திருந்தது, மலை இறங்கியபின் மறுபடி இறுக்கவில்லை, இனிமேல் கயிறுகள் அடுப்பு அறையில்தான் தொங்கும், செங்கோட்டையில் வண்டி கட்டாயம் நிற்கும், ராமருடைய வைத்தியச் செலவு எங்களுடையது. முதலாளி இரண்டு தடவை படித்தார்.

"ஆரு இந்த ராமர்?"

"நம்ம மூட்டை விழுந்த ஆள்."

பேனாவை மூடி மூடித் திறந்தார். பிறகு, "பிச்சைமணியே கட்டட்டும்" என்று கையெழுத்துப் போட்டார்.

மதியம் அடுத்த லாரிக்குப் பிச்சைமணி காய்ந்த கயிறு போட்டார். கடைசி முடிச்சு போட்டதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சுடலைமுத்துவின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"எங்கோட்டா போறது?" என்று கத்தினார் ராஜப்பன். "இன்னும் ரெண்டு லோடு கிடக்கு. ஆரு கட்டும்?"

"அப்பு கட்டட்டும். செங்கோட்டையில நான் இழுத்துக் கட்டிட்டு, அப்படியே தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரேன்."

வேறு யாரையும் கடைசி இழுப்பு இழுக்க விடாத மனிதர் சொன்னது இது. அப்பு என் முகத்தைப் பார்த்தான். மாடத்தி ஓடிவந்து ஒரு பொட்டலத்தைச் சன்னல் வழியாக நீட்டினாள்.

"இத அந்த ராமருகிட்ட குடும். அவரு வீட்டுக்காரி பக்கத்துல இருப்பா. பாத்துப் பேசும். வாய் வார்த்தையாவது நல்லாச் சொல்லும்."


"நான் என்னத்தச் சொல்ல?" என்றார் பிச்சைமணி. லாரி கிளம்பிவிட்டது.