ஒரு புள்ளிகூடத் தப்பாத படம்

வரைபடக்காரிக்கு அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. விடுமுறைக்குத் தீவு பார்த்துவிட்டு வந்த நாத்தனார், சுற்றுலாத் தாளை மேஜைமேல் விரித்து, "அண்ணி, உங்க படத்தை வெச்சுத்தான் சுத்தினோம். ஒரு புள்ளிகூடத் தப்பல" என்றாள்.

அது சரணாலயக் காவலர்களுக்கு மட்டும் என்று அவள் வரைந்து கொடுத்த படம். ஆளில்லாத அந்தக் குட்டித் தீவில் மேற்கே செங்குத்துப் பாறை, நடுவில் உப்புக் குட்டை, வடக்கே நாக்கு மாதிரி நீண்ட மணல்திட்டு. அந்தத் திட்டில்தான் ஆலா என்னும் கடற்பறவைகள் முட்டையிடும். கூடு என்று ஒன்றும் கட்டாது. மணலில் ஒரு குழி, அவ்வளவுதான். முட்டையும் மணல் நிறம். யார் காலும் பட்டுவிடக் கூடாதே என்றுதான் ஒவ்வொரு குழிக்கும் சிவப்புப் புள்ளி வைத்திருந்தாள். மேலதிகாரி அதையே அச்சடித்து, 'பறவைகளை அருகில் காண' என்று தலைப்பும் போட்டுவிட்டார். கூட்டத்தைக் கண்டு மிரண்ட ஆலாக்கள் திரும்பி வருவதற்குள் முட்டைகள் வெயிலில் வெந்துபோயின. நியாயம் கேட்கப் போனவளிடம், இவ்வளவு அழகான படத்தை அலமாரியில் பூட்டி வைப்பதா என்று சிரித்தார் அந்த மனிதர்.

இந்த வருஷமும் கணக்கெடுக்க அவளைத்தான் அனுப்பினார்கள். கொதிக்கும் மணலில் மூன்று நாள் குனிந்து நடந்து நாற்பத்தொரு குழிகளை எண்ணினாள். ஆனால் அதிகாரியின் மேஜையில் அவள் வைத்த படத்தில் புள்ளியே இல்லை.

"ஒண்ணுகூடவா இல்ல?"

"இல்ல சார்."

இருபது வருஷ வேலையில் அவள் சொன்ன முதல் பொய். நாக்கு கூசியது.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. பறவையே இல்லாத இடத்துக்குச் சரணாலயம் என்ற பேர் எதற்கு, விடுதி கட்ட ஆள் காத்திருக்கிறது, இல்லை என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்.

இருக்கிறது என்றால் கூட்டத்தைக் கூட்டிப் போவான், இல்லை என்றால் தீவையே தூக்கிக் கொடுப்பான், படுபாவி. அவள் படத்தைப் பிடுங்கி, சிவப்புப் பேனாவால் காகிதம் கிழியக் கிழியக் குத்தினாள்.

"நாப்பத்தொண்ணு இருக்கு. பொய் சொன்னேன். வேலையை வேணும்னா எடுத்துக்கங்க. இதை மட்டும் அச்சடிக்காதீங்க."

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"எல்லாமே படகு நிக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே இருக்கே. நல்லதாப் போச்சு" என்றார்.