தெருப்பலகையில் அத்தான்

எங்கள் தெருவுக்கு முன்பெல்லாம் ஹாலம் என்ற போலீஸ் சார்ஜண்டின் பெயர். இந்த மண்ணின் பூர்வகுடிகளான எங்கள் பாட்டன்மாரை ஊற்றுக்கரையில் வைத்துச் சுட்டுக் கொன்றவன். அக்கா மர்ட்டிலின் புருஷன், என் அத்தான், அந்தப் பெயரை எடுக்கச் சொல்லி நகராட்சி வாசலில் பாதி ஆயுளைக் கழித்தார். ஊற்றின் பெயரை வையுங்கள் என்றுதான் கேட்டார். வெள்ளைக்காரர்கள் தலையாட்டினார்கள், தேநீர் கொடுத்தார்கள். கடைசியில் சரியென்று தீர்மானம் போட்ட வாரத்தில் அவர் மாரடைப்பில் போய்விட்டார். உடனே மேயரம்மா ஜானிஸுக்கு அன்பு பொங்கிவிட்டது. அத்தான் பெயரையே எழுதிப் பலகை நட்டுவிட்டாள். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

செத்தவர் பெயரை நாங்கள் சொல்வதில்லை. துக்கம் தீரும்வரை எழுத்தில்கூடப் பார்க்கமாட்டோம். சொன்னால் போகிற உயிர் திரும்பி வரும். வந்தது வெறுங்கையோடு போகாது. அக்கா வீட்டில் அவர் படமெல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்க, வாசலில் மட்டும் ஆளுயரத்துக்கு மேலே அவர் பெயர்.

அக்கா பலகைமேல் மாவுச் சாக்கை மாட்டினாள். யாரோ வெள்ளைக்காரப் போக்கிரியின் வேலையென்று நகராட்சி ஆட்கள் கழற்றிவிட்டார்கள். ஜானிஸிடமே போனோம்.

"துக்கம் முடியறவரைக்கும் கழட்டி வைங்கம்மா," என்றாள் அக்கா.

"ஐயோ மர்ட்டில், பழைய பேருதான் வேணும்னு ஒரு கூட்டம் கையெழுத்து வாங்கிட்டு அலையுது. இதைக் கழட்டினா மறுபடி ஹாலம் வந்துடுவான். பரவாயில்லையா?"

"கொன்னவன் பேரு, இல்லாட்டி செத்தவரு பேரு. வெறும் கம்பமா நின்னா குடியா முழுகிடும்?" என்றேன் நான்.

"பேரில்லாம ஒரு தெருவா?" என்று கண்ணீர் விட்டாள். நிஜமான கண்ணீர்தான். அதனால்தான் எனக்கு இன்னும் எரிந்தது.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் அக்காவின் பேத்தி டலீனுக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. இன்ஹேலருக்குக் கேட்கவில்லை. உதடு நீலம் பாரித்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். எடுத்தவள் எங்கோ தூரத்து நகரத்தில் இருந்தாள்.

"எந்தத் தெரு?"

"ஹாலம் தெரு."

"அப்படி ஒண்ணும் காட்டலையே மேடம்."

"அது பழைய பேரு. தண்ணி டேங்குப் பக்கம், பச்சைக் கதவு."

"இப்ப என்ன பேருன்னு சொல்லுங்க. இல்லேன்னா வண்டி எங்க வரும்?"

டலீன் அக்கா மடியில் தலையைத் தூக்கித் தூக்கிக் காற்றைத் தேடினாள். அக்கா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி அத்தானின் பெயரைச் சொன்னாள். முழுப்பெயர். அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை. எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னாள். அக்கா சொன்னாள். பிறகு இன்னொரு தரம், சத்தமாக.

வண்டி தேடி அலையாமல் நேராக வாசலில் வந்து நின்றது. அதற்குள் குழந்தையின் மூச்சு அடங்கிவிட்டது.

ஆம்புலன்ஸ்காரன் ஆஸ்துமா என்றான், புழுதி என்றான், யார் பேரிலும் தப்பில்லை என்றான். எதுவும் அக்கா காதில் ஏறவில்லை. டலீனின் கலைந்த முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"எவ்வளவு சத்தமாக் கூப்பிட்டுட்டேன் பாத்தியாடி," என்றாள். "வண்டிக்கு முந்தி அவரு வந்துட்டாரு."