கடைசி பெஞ்சுக்கு எந்த ரூம்?

கணக்கு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் கடுகு. ஆள் குள்ளம், காரம் மட்டும் குறையவே குறையாது. அவர் கத்தினால் பக்கத்து வகுப்பும் சேர்ந்தே வாயை மூடிக்கொள்ளும்.

அந்த வாரம் மட்டும் கடுகு சிரித்த முகமாகத் திரிந்தார். ஏழாம் வகுப்புப் பெண்கள் முப்பத்திரண்டு பேரும் வெள்ளிக்கிழமை காட்டு முகாமுக்குப் போய் ஓர் இரவு தங்கப் போகிறார்கள். தரையில் சாக்பீஸால் ஓர் அறையை அளவெடுத்து வரைந்து, நாலு கட்டிலுக்கு நடுவே பையை எங்கே வைப்பது என்று காட்டியாயிற்று. போர்வையை முழங்காலால் அழுத்திச் சுருட்டவும் பழக்கியாயிற்று. யார் யாருக்கு எந்த அறை என்பதுதான் பாக்கி.

போன வருஷம் இதில்தான் வினை. ராத்திரி ஒரு மணிக்கு ரெண்டு பெண்கள் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். அதனால் இந்த முறை டீச்சர் முன்கூட்டியே ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்தார். ‘யாருடன் ஒரே அறையில் இருக்கப் பிடிக்காது? ஒரு பெயர் எழுது.’ எழுதியதை மடித்து ஒரு டப்பாவில் போடச் சொன்னார். பெரிய கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக அவருக்கு ஒரே பூரிப்பு.

மத்தியானம் ஆசிரியர் அறையில் சாப்பிட்டுக்கொண்டே சீட்டுகளைப் பிரித்தார். முதல் சீட்டில் ‘கடைசி பெஞ்சு’ என்று இருந்தது. அடுத்ததிலும் அதேதான், அதற்கடுத்ததிலும் அதேதான். பின்னால் தனியாக உட்காரும் ஒரு பெண்ணுக்கு வகுப்பு வைத்த பெயர் அது. பத்தொன்பதாவது சீட்டிலும் அதைப் பார்த்ததும் சாப்பாட்டைத் தள்ளி வைத்தார். மிச்சச் சீட்டுகளைப் பிரிக்காமலே மறுபடி டப்பாவில் போட்டு மூடினார்.

“லிஸ்ட் ரெடியா மிஸ்?” என்று வந்து நின்ற தலைமையாசிரியை, பிரித்துக் கிடந்த சீட்டுகளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “யாருமே சேத்துக்காத பிள்ளைய இழுத்துட்டுப் போய், அங்க ராத்திரில பஞ்சாயத்து பண்ணிட்டு இருப்பீங்களா? அது வீட்லயே இருக்கட்டும். முப்பத்தொரு பேரா நாலு மணிக்குள்ள எழுதிக் கொடுங்க.”

“அவ வரலன்னா நானும் போகல மேடம்.”

“அப்ப அவளுக்கு ஒரு ரூம் காட்டுங்க. நான் ஏன் வேண்டாங்கறேன்?”

டீச்சருக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறிவிட்டது. டப்பாவைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று வகுப்புக்குப் போய், மேஜைமேல் ஓங்கி அடித்தார்.

“வெக்கமா இல்ல உங்களுக்கு? ஒரு பிள்ளைய வகுப்பே சேந்து ஒதுக்கி வச்சிருக்கீங்களே, மனுஷ ஜென்மம்தானா நீங்க? நேத்து வரைக்கும் மூக்கொழுகிட்டுத் திரிஞ்சதுங்க, இன்னைக்கு அவளோட படுக்க மாட்டீங்களாமே! எங்கடி கத்துக்கிட்டீங்க இதெல்லாம்? யாரு சொல்லிக் கொடுத்தது?”

முப்பத்தொரு தலைகள் குனிந்தன. கடைசி பெஞ்சில் ஒரு தலை எப்போதோ குனிந்துவிட்டது.

“வாயில என்ன கொழுக்கட்டையா? கேக்கறேன்ல!”

வகுப்பு லீடர் எழுந்தாள். பொய் சொல்லத் தெரியாத பெண். அழுகையை அடக்கிக்கொண்டு, “நீங்கதான் டீச்சர்” என்றாள்.

“என்னடி உளர்ற?”

“ஸ்கூல் தொறந்தப்ப அவ தலைல பேன் இருந்துச்சுல்ல? அப்ப நீங்கதான், ‘கடைசி பெஞ்சுல போய்த் தனியா உக்காரு, யாரும் இவ பக்கத்துல போகக் கூடாது’ன்னு கத்துனீங்க.”

“அடிப்பாவி! அது பேன் போற வரைக்கும்டி!”

“போயிடுச்சு டீச்சர். நீங்கதான் அவளத் திரும்பி வரச் சொல்லவே இல்ல.”

டீச்சருக்குப் பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. தலை சுத்தமாகிவிட்டது என்று அந்தப் பெண்ணின் அம்மா பத்தே நாளில் கடிதம் கொடுத்தனுப்பியிருந்தாள். டீச்சர் அதில் கையெழுத்துப் போட்டார், கணக்கு நோட்டுகளைத் திருத்தப் போய்விட்டார். அப்புறம் எட்டு மாதம். தினமும் வருகைப் பதிவு எடுத்தவர், அந்தத் தனி பெஞ்சைத் தினமும் பார்த்தவர், ஒரு நாள்கூட ஏன் என்று கேட்கவில்லை.

“எங்க ரூம்ல போடுங்க டீச்சர்” என்று லீடர் மூக்கை உறிஞ்சினாள்.

தன்மேல் வந்த ஆத்திரத்தை எங்கே கொட்டுவது என்று தெரியாமல், டீச்சர் மறுபடியும் அவள்மேலேயே பாய்ந்தார். “இப்ப மட்டும் என்னடி திடீர்ப் பாசம்? நீங்க யாரும் சேத்துக்க வேணாம். அவ என் ரூம்ல, என் பக்கத்துலயே படுத்துக்குவா. இங்க வாடா கண்ணு, முன்னாடி வந்து உக்காரு.”

கடைசி பெஞ்சுக்காரி எழுந்தாள். ஆனால் முன்னால் வரவில்லை. அவள் முகத்தில் இருந்தது அழுகை இல்லை. கோபத்திலேயே காலம் தள்ளிய டீச்சருக்கு அது என்னவென்று நன்றாகத் தெரிந்தது.

“வேணாம் டீச்சர். அந்த டப்பால என் சீட்டும் இருக்கு. அதுல உங்களத்தான் எழுதியிருக்கேன்.”

டீச்சர் டப்பா மேலிருந்து கையை எடுத்தார்.

“என்னைய லீடர் ரூம்லயே போடுங்க” என்றாள் அவள். “அவங்க நீங்க சொன்னதக் கேட்டாங்க, அவ்வளவுதான்.”