நடுவில் கோடில்லாத மாத்திரை

அன்று கிளினிக்குக்குள் நுழையும்போதே, பயிற்சி டாக்டரான அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கடல் கடந்து இந்த நாட்டுக்குப் பிழைக்க வந்தவர்களின் ரத்த அழுத்தம் மட்டும் மாத்திரைக்கு மசிவதே இல்லை. அளவைக் கூட்டினாலும் பிடிவாதமாக அப்படியே நிற்கிறது. அவர்கள் உடம்புக்கு இந்த மருந்து ஒத்துவரவில்லை என்று முடிவுகட்டி, கட்டுரைக்குத் தலைப்பு வரை யோசித்துவிட்டாள். பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைத்த கதைதான். "வா, ஆராய்ச்சி" என்று பெரிய டாக்டர் வழக்கம்போலச் சீண்டினார்.

முதலில் வந்தவர் வெல்டர். என்ன கேட்டாலும் "நல்லாருக்கேங்க" என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து வேறெதுவும் வந்ததில்லை. அழுத்தம் இன்றும் இறங்கவில்லை. பெரிய டாக்டர் இன்னும் வீரியமான மாத்திரையாக எழுதினார். அவள்தான் உற்சாகமாக அட்டையை எடுத்துக் கொடுத்தாள். வெல்டர் ஒன்றைப் பிதுக்கி, நகத்தால் தடவிப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று.

"இதுல நடுவுல கோடு இல்லையே மேடம். ஒடச்சா தூளாயிடுமே."

"ஏன் ஒடைக்கணும்? முழுசாத்தான் போடணும்."

அவர் வாசல் பக்கம் பார்த்தார். "முழுசா நானே போட்டுட்டா, மச்சானுக்கு?"

மனைவியின் தம்பி. ஒரே அறை, ஒரே வேலை. சாரத்தில் நிற்கும்போது அவனுக்குத் தலை சுற்றுகிறது. கையில் விசா பேப்பர் இல்லாததால், உள்ளே வந்தால் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள் என்ற பயம். அதனால் முதல் நாளிலிருந்தே ஆளுக்குப் பாதி.

அவளுடைய தலைப்பு அந்த நொடியே காற்றில் போயிற்று. போகட்டும், இதுவல்லவா கண்டுபிடிப்பு என்று மனசு துள்ளியது. துள்ளிய வேகத்திலேயே அட்டையை அவர் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டாள். மச்சான் கூட இல்லாத ஒரு நாளில் இவர் இந்த வீரியத்தை முழுசாக விழுங்கியிருந்தால், அழுத்தம் ஒரேயடியாக இறங்கி, சாரத்திலிருந்து விழுந்திருப்பது இவர்தான்.

"ஒரு ஆளு மருந்த ரெண்டு ஒடம்பு சாப்பிட்டா எப்படிய்யா எறங்கும்? நானும் கூட்டிக்கிட்டே போனேன் பாரு, ஒரு வார்த்தை கேக்காம" என்றார் பெரிய டாக்டர். "எங்க உன் மச்சான்?"

"எதிர்ல, மரத்தடியில. கூப்பிட்டா ஓடிடுவான் சார்."

யாருக்காகவும் நாற்காலியை விட்டு அசையாத மனிதர், அழுத்தம் பார்க்கும் கருவியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கரித்தது. ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

மரத்தடியில் இருந்தவன் அவர்களைப் பார்த்ததும் எழுந்தான். ஓடத் தயாராக ஒரு காலை முன்னால் வைத்திருந்தான். பெரிய டாக்டர் அவனை ஒன்றும் கேட்கவில்லை. அவன் உட்கார்ந்திருந்த கல்லிலேயே உட்கார்ந்து, தன் சட்டைக் கையைச் சுருட்டி, பட்டையைத் தன் கையிலேயே சுற்றிக்கொண்டார்.

"நீ பாரும்மா. எனக்கே எவ்வளவு ஏறியிருக்கோ."

அவள் மண்டியிட்டுக் காற்றை ஏற்றினாள். அவன் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் விரல்கள் முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைத் தேடிப் போயின.