பதினைந்தாவது பிரசவம்

நாட்டுக்கு டாக்டர்கள் போதவில்லை என்று சொல்லி, மருத்துவக் கல்லூரியில் நாற்பது பேர் படித்த வகுப்பில் நூற்றிருபது பேரைச் சேர்த்தார்கள். மலாவி முழுக்க அதை நல்ல காரியம் என்றுதான் சொன்னார்கள். புதிதாக விடுதி கட்டினார்கள், பெஞ்சு வாங்கிப் போட்டார்கள். பிரசவத்துக்கு வரும் வயிறுகளை மட்டும் யாராலும் மூன்று மடங்காக்க முடியவில்லை.

அப்படி வந்த நான்காம் ஆண்டுக்காரர்கள் பதினெட்டுப் பேர் ஏரிக்கரை மாவட்டத்து ஆசுபத்திரியில் வந்து இறங்கினார்கள். ஆறு வாரத்தில் ஆளுக்குப் பதினைந்து சுகப்பிரசவம் தன் கையால் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பிரசவ வார்டு சிஸ்டர் கம்வெண்டோ கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்த ஆண்டு வீண். அரசாங்க உதவியில் படிக்கிறவர்களுக்கு உதவியும் நின்றுவிடும்.

தியாமிகே அரசாங்க உதவியில் படிக்கிறவள். ஆறாவது வாரம் புதன்கிழமை அவள் ஏட்டில் பதினான்கு கையெழுத்து இருந்தது.

ஆசுபத்திரிக்குப் பின்னால் ஒரு கொட்டகை. தூரத்துக் கிராமத்துப் பெண்கள் மாதம் நெருங்கினதும் வந்து, சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு நாளுக்காகக் காத்திருக்கிற இடம். மாணவர்கள் அங்கே போய் விறகு சுமக்கவும், குழாயடியில் வரிசை நிற்கவும் தொடங்கியிருந்தார்கள். எல்லாம் ஒரு வாக்குக்காகத்தான். வலி வந்தால் என்னைக் கூப்பிடு என்ற வாக்கு.

"டாக்டரம்மா, இன்னிக்கு விறகு ஈரமா இருக்கே," என்றாள் எஸ்நாத், தியாமிகே இறக்கிய கட்டைப் பார்த்து. மீன்பிடிக் கிராமத்துக்காரி, முதல் பிள்ளை. "நேத்து லுசுங்கு கொண்டாந்தது நல்லாக் காஞ்சது."

"லுசுங்குவுக்கும் வாக்குக் குடுத்துட்டியா?"

"அவருக்கு மட்டுமா? மூணு பேருக்குக் குடுத்திருக்கேன்."

"அடிப்பாவி! வயிறு ஒண்ணுதானே?"

துணைக்கு வந்திருந்த எஸ்நாத்தின் அக்கா ஃபைனெஸ், ன்சிமா என்கிற மக்காச்சோளக் களியைக் கிளறிக்கொண்டே சிரித்தாள். "நீங்க எங்கள டாக்டர்னு மிரட்டுற காலம் வரத்தானே போவுது. அதுவரைக்கும் நாங்க கொஞ்சம் மிரட்டிக்கிறோம். அந்த உசிப்பா மீன இங்கிட்டு எடுத்துப் போடு."

"எனக்கு ஒண்ணுதான் குறையுது அக்கா. வெள்ளிக்கிழமை பஸ்சு வந்துடும்."

எஸ்நாத் அவள் முகத்தைப் பார்த்தாள். "சரி, போ. உன்னையே கூப்புடறேன். விறகு ஈரமா இருந்தாலும் நீதான் வந்து உக்காந்து பேசுற."

வியாழன் காலையில் கூப்பிட்டுவிட்டாள். வார்டில் லுசுங்கு முந்திக்கொண்டு கையுறை மாட்டப் போக, "நீ இல்ல, அந்தப் பொண்ணு!" என்று வலியோடு வலியாக ஒரு கத்தல். சிஸ்டர் கம்வெண்டோ இடுப்பில் கை வைத்தாள்.

"இது என்ன கூத்து? பொண்ணு பாக்க வந்தீங்களா, பிரசவம் பாக்க வந்தீங்களா? லுசுங்கு, வெளிய போ. தியாமிகே, அரை மணிக்கு ஒருக்கா வயித்துல குழல் வச்சுக் குழந்தையோட துடிப்பக் கேட்டு எழுது. நான் எதுத்த கட்டில்ல இருக்கேன்."

பத்தரை மணிக்குக் கேட்டாள். சரியாக இருந்தது. பதினொன்றுக்கும் சரி. சிஸ்டரும் வந்து பார்த்து, "மத்தியானத்துக்குள்ள ஆயிடும்," என்றுவிட்டுப் போனாள். அடுத்தது பதினொன்றரைக்குத்தான். ஆனால் பதினொன்றேகாலுக்கு ஒரு வலி வந்து தணிகையில், சும்மா இருக்கப் பொறுக்காமல் தியாமிகே குழலை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தாள்.

துடிப்பு இறங்கியது. திரும்பி ஏற நேரம் எடுத்தது.

அடுத்த வலிக்கும் அப்படியே. கடிகார முள்ளைப் பார்த்து எண்ணினாள். எண்பத்தெட்டு. நூற்றுப்பத்துக்குக் கீழே போகக் கூடாது.

"என்ன டாக்டரம்மா, முகம் ஏன் இப்படிப் போவுது?"

"ஒண்ணுமில்ல, மூச்சை இழுத்து விடு."

சிஸ்டரைக் கூப்பிட்டால் அறுவைதான். அறுவை கணக்கில் வராது. பதினொன்றரைக்குத்தானே எழுத வேண்டும், அதற்குள் தலை இறங்கிவிட்டால்? இப்போது கேட்டது யாருக்குத் தெரியும்? இவ்வளவும் ஒரு மூச்சு நேரத்தில் அவள் மனதில் ஓடிவிட்டது. ஓடியதற்காகவே அவளுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது.

"சிஸ்டர்! துடிப்பு இறங்குது! எண்பத்தெட்டு!"

சிஸ்டர் வந்து தானும் கேட்டாள். எஸ்நாத்தை இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்து, மறுபடி கேட்டாள். பிறகு கட்டிலைத் தள்ளிக்கொண்டு அறுவை அறைக்கு ஓட்டம்தான். குழந்தையின் கழுத்தில் கொடி இரண்டு சுற்று. துவண்டுபோய் வந்த பெண் குழந்தை, காற்றுப் பையால் ஊதிய பிறகு பூனைக்குட்டிபோலக் கத்தியது.

ஃபைனெஸ் வாசலில் தியாமிகேவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க வாக்கு பொய்யாப் போச்சே தாயி. உனக்குக் கையெழுத்து கிடைக்காதாமே?"

"குழந்தை அழுதுச்சுல்ல அக்கா."

சொல்லிவிட்டாள். ஆனால் துணிக்கட்டு வைக்கிற அறைக்குள் போய் உட்கார்ந்து அழுதாள். சிஸ்டர் அங்கே வந்து நின்றாள்.

"நீ பாக்காத பிரசவத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். கேக்காத."

"கேக்கல சிஸ்டர்."

"கேட்டிருந்தா அறைஞ்சிருப்பேன்." சிஸ்டர் ஃபோனை எடுத்துக் கல்லூரிக்குப் போட்டாள். "டீன் ஐயாவா? கம்வெண்டோ பேசறேன். புள்ளைங்கள மூணு மடங்கு சேத்தீங்களே, தாய்மாருங்கள எங்க போய்ச் சேக்க? இங்க ஒரு கட்டிலுக்கு நாலு பேரு அடிச்சுக்கறாங்க. அக்கரையில நம்பெரேன்னு ஒரு சுகாதார நிலையம், ஒரே ஒரு தாதி, டெபோரான்னு. டாக்டருக்குப் படிக்கிற முகத்த அந்தம்மா கண்டதே இல்ல. ஒரு பொண்ணு இருக்கா. ஒண்ணு குறையுது. லீவு மூணு வாரம் இருக்கு, அதுல அங்க போய் அத முடிச்சுட்டு வரட்டும், அந்தம்மா கையெழுத்து செல்லும்னு எழுதிக் குடுங்க... விதியில இல்லையா? விதிய எழுதுனப்ப நாப்பது பேருதானே ஐயா?"

மறுமுனை வெகுநேரம் பேசியது. சிஸ்டர் "ம்" கொட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில், "தாளை இன்னிக்கே அனுப்புங்க," என்று வைத்தாள்.

வெள்ளிக்கிழமை பஸ் ஏறுகையில் லுசுங்கு, "காட்டுக்குப் போறியே, கொசுவலை இருக்கா?" என்று கேலி செய்தான். ஆனாலும் தன் வலையைக் கழற்றி அவள் கையில் திணித்துவிட்டுப் போனான்.

சனிக்கிழமை படகு அவளை நம்பெரேயில் இறக்கியது. தகரக் கூரைக் கட்டடம். வாசல் வேப்பமரத்தடியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டெபோரா அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது.

"நெசமாவே அனுப்பிட்டாங்களா? ஒம்போது வருஷமாக் கேக்கறேன்."

"எனக்கு ஒண்ணே ஒண்ணுக்குக் கையெழுத்து வேணும் அம்மா."

"ஒண்ணா?" டெபோரா அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உள்ள மூணு பேரு முக்கிட்டு இருக்காங்க. பைய அங்க வையி. கையக் கழுவு."

பதினைந்தாவது அன்று சாயங்காலமே ஆகிவிட்டது. கையெழுத்தும் விழுந்தது. திங்கட்கிழமை திரும்புகிற படகுக்காரன் கரையில் நின்று கூவிக் கூவிப் பார்த்தான்.

"டாக்டரம்மா வரலையா?"

"வேலை கெடக்கு, நீ போ!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அது டெபோரா அம்மாவின் குரல் இல்லை.