எதிர்ப்பாரம்

மேலே போகும்போது தனக்கு ஓர் உடம்பு இருப்பதே அவளுக்கு மறந்துவிடும். பாதம் பலகையை விட்டுப் பிரிகையில் ஒரு சிறு நடுக்கம். அதன்பின் எதுவும் இல்லை. நீல விளக்கு அவளைச் சுற்றித் தண்ணீரைப்போல் நிறையும். கீழே இருட்டில் அமர்ந்திருக்கும் கூட்டம், தூக்கத்தில் புரளும் ஒரே விலங்கைப்போல் மூச்சை இழுத்துப் பிடிக்கும். அந்த நாடகத்தில் அவள் பேசுவதற்கு ஒரு சொல்கூடக் கிடையாது. கடைசிக் காட்சியில் மேகமாக இறங்கி வருவாள். உறங்கிக் கிடக்கும் ஊரைக் கால்விரலால் ஒருமுறை தொட்டுவிட்டு, வந்த வழியே ஏறிக் கரைந்துபோவாள். அவ்வளவுதான் வேடம். ஆனால் டிக்கெட் வாங்கியவர்கள் அதற்காகவே வாங்கினார்கள்.

அவளைப் பறக்கவைப்பவன் அண்ணன். கயிற்றின் ஒரு முனை அவளுடைய இடுப்புக் கச்சையில் இருக்கும். மேலே உத்தரத்துக் கப்பிகளைச் சுற்றி வரும் மறுமுனையில், பக்கத்திரைக்குப் பின்னால், மணல் பைகள் தொங்கும். அவள் எடையும் பைகளின் எடையும் ஒத்துப்போனால், பைகளிலிருந்து ஒரு கப்பியைச் சுற்றி அண்ணன் கைக்கு வரும் பிடிகயிற்றை அவன் சும்மா கிள்ளினாலே அவள் ஏறுவாள், இறங்குவாள். கச்சையும் மேக உடையும் அண்ணியின் கைத்தையல். நாடகக் குழுவில் அவளுக்கு வைத்த பெயர் தூசி. தும்மினால் பறந்துவிடுவாள் என்று கேலி.

அந்தப் பெயருக்கு நியாயம் செய்வதுபோல், சென்ற ஆண்டு அவள் இளைத்துக்கொண்டே வந்தாள். எவ்வளவு சாப்பிட்டாலும் இளைத்தாள். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். "என்ன ரகசியம், எங்களுக்கும் சொல்லேன்" என்று ஒப்பனைக்காரி கேட்டாள். அண்ணன் பைகளை ஒவ்வொன்றாகக் கழற்றியபடி, "என் தங்கச்சி காத்துடா, காத்து" என்று விளக்குக்காரரிடம் பீற்றிக்கொண்டான். பிறகு ஒருநாள் ஒப்பனை நாற்காலியிலேயே காத்து சரிந்து விழுந்தது.

"உடம்பு பட்டினி கிடந்திருக்கும்மா. சாப்பிட்ட சர்க்கரையெல்லாம் ரத்தத்துலயே நின்னு வீணாப் போயிருக்கு" என்றார் மருத்துவர். "இனிமே இன்சுலின் போட்டே ஆகணும். போட்டா சாப்பாடு உடம்புல ஒட்டும், எடை ஏறும். பயப்படாதீங்க. போனதுதான் திரும்பி வருது." இத்தனையும் கேட்டவளின் காதில் 'எடை ஏறும்' என்பது மட்டுமே தங்கியது.

ஏறத்தான் செய்தது. கன்னம் முதலில், பிறகு கை, பிறகு இடுப்பு. ஊசியின் சின்னக் குத்தலுக்கு அவள் பழகிவிட்டாள். விரல் நுனியில் ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கவும், தேநீரைச் சர்க்கரையில்லாமல் குடித்துவிட்டு முகம் சுளிக்காமல் இருக்கவும்கூடப் பழகிவிட்டாள். கண்ணாடிக்கு மட்டும் பழக முடியவில்லை. குளியலறையில் தன் நிழலைப் பார்த்து யாரோ உள்ளே வந்துவிட்டார்கள் என்று ஒருமுறை திடுக்கிட்டாள்.

"பை எதுவும் கூட்டினியாண்ணா?" என்று ஒவ்வொரு காட்சிக்கு முன்பும் கேட்பாள்.

"அதே பைதான். நீ பாட்டுக்கு ஏறு."

"கச்சை இறுக்குதே அண்ணி."

"தோல் பழசும்மா. சுருங்கியிருக்கும். எண்ணெய் போட்டு வைக்கிறேன்."

மழையில் அரங்கத்தின் கூரை ஒழுகத் தொடங்கவும், பழுது பார்ப்பதற்காக இரண்டு வாரம் நாடகத்தை நிறுத்தினார்கள். கச்சையைத் துடைத்து வைக்கலாமென்று அவள் வீட்டுக்கு எடுத்து வந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது, தோலின் மேல் பழைய தையல் இருந்த இடங்களில் ஊசித்துளைகள் தெரிந்தன. ஒரு வரிசை, அதற்குச் சற்றுத் தள்ளி இன்னொரு வரிசை, அதற்கும் தள்ளி இன்னொன்று. அலை பின்வாங்கிய கரையில் கோடுகள் கிடப்பதுபோல். அண்ணி பிரித்துப் பிரித்துப் பெரிதாக்கித் தைத்திருக்கிறாள். யாரும் அவளிடம் மூச்சு விடவில்லை.

அவளும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அன்று மாலை ஊசி போடவில்லை, அவ்வளவுதான். மறந்துவிட்டதாகத் தனக்கே சொல்லிக்கொண்டாள். மறுநாளும் மறந்தாள். அதற்குப் பிறகு காலையில் பாதி அளவு, மாலையில் ஒன்றுமில்லை. நிறுத்தவேண்டியது ஊசியை மட்டுந்தான், உடம்பு தானாகக் கரையும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அது எப்படிப்பட்ட கரைதல் என்பதும் தெரிந்திருந்தது. தெரிந்ததைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டுவிட்டாள்.

அந்த நாட்கள் அவளுக்கு ஒரே நீண்ட கனவாகக் கழிந்தன. தாகம் திரும்பி வந்தது. உறக்கத்தில் ஆறுகள் வந்தன. அவள் கரையில் மண்டியிட்டுக் குடித்தாள், குடிக்கக் குடிக்க ஆறு தன் வழியே அவளுக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேறியது. சுவர்கள் மெல்ல மூச்சு விட்டன. தெருவில் நடந்தால் தரை ஒருபிடி கீழே இருந்தது. தன் மூச்சிலேயே அளவுமீறிப் பழுத்த பழத்தின் வாசனை வீசியபோது, எங்கோ ஒரு தோட்டம் இருக்கிறது என்றுதான் எண்ணினாள். கச்சை தளர்ந்தது. அவள் மகிழ்ந்தாள்.

அண்ணனோ வேறொரு கணக்கில் இருந்தான். மாதாமாதம் ஏறிவந்த எடை இந்த ஓய்வில் இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கும். கேட்டால் முகம் வாடிவிடுவாள். நாமே முன்கூட்டிச் சேர்த்துவிடுவோம் என்று, அரங்கம் திறந்த முதல் ஒத்திகையன்று காலையில் ரகசியமாக மேலும் ஒரு பையைக் கட்டினான்.

அவள் கச்சை மாட்டி நின்றதும், பைகளைப் பிடித்திருந்த கொக்கியை விடுவித்தான்.

அவள் ஏறவில்லை; பறிக்கப்பட்டாள். குழந்தையின் கையிலிருந்து நழுவிய பலூனைப்போல் உத்தரத்தை நோக்கிப் பாய்ந்தாள். மணல் பைகள் சடசடவென்று கீழே போக, பிடிகயிறு அண்ணனின் உள்ளங்கைகளைத் தீய்த்துக்கொண்டு மேலே ஓடியது. அவன் விடவில்லை. அவன் கால்கள் தரையை விட்டு எழும்ப, அண்ணி ஓடிவந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். உத்தரத்துக்கு ஒரு கை தூரத்தில் கயிறு நின்றது.

மேலே, தூசியும் சிலந்தி வலையும் மிதக்கும் வெளிச்சத்தில், அவள் ஊஞ்சல்போல் ஆடினாள். பயம் உடனே வரவில்லை. இதுவரை இவ்வளவு லேசாக இருந்ததே இல்லையே என்ற ஒரு கிறக்கம்தான் முதலில் வந்தது. பிறகு கீழே பார்த்தாள். பக்கத்திரைக்குப் பின்னால் தரை தட்டிக் கிடந்த பைகளை அவள் இதுவரை மேலிருந்து பார்த்ததில்லை. பழைய சாக்குப் பைகளுக்கு நடுவே சின்னச் சின்னதாய்ப் புதிய பைகள். அண்ணியின் கிழிந்த நைட்டியில் தைத்தவை, பூப்போட்டவை. ஒரு சிறிய தோட்டமே அங்கே கிடந்தது. இளைத்துப் போய்த் தன்னிடம் திரும்பி வந்த தன் எடைதான் அது என்பது புரிய வெகுநேரம் பிடித்தது.

இறக்கிய கையோடு அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஊசி போட்டியா?"

"போட்டேன்."

"பொய் சொல்லாதடி. என் கையைப் பாரு."

தோல் உரிந்து சிவந்திருந்தது. அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"நீங்க மட்டும் என்னவாம்? அதே பைதான்னு சொன்ன. தோல் சுருங்கிடுச்சுன்னு அண்ணி சொன்னாங்க. எண்ணெய் வேற போடறாங்களாம், எண்ணெய்!"

"நீ அழுவியேன்னுதாம்மா..." என்றாள் அண்ணி.

"அழுதா அழுதுட்டுப் போறேன்! எனக்குத் தெரியாம என்னைத் தைச்சுத் தைச்சுப் பெருசாக்கிட்டு..." வாந்தி வந்தது.

"அப்போ நீ இளைக்க இளைக்க இந்தக் கைதான் பையைக் கழட்டுச்சு" என்றான் அண்ணன், அவள் நெற்றியைப் பிடித்தபடி. "சந்தோஷமா கழட்டுச்சு. திரும்பவும் கழட்டச் சொல்றியா? செத்தாலும் கழட்ட மாட்டேன்."

மருத்துவமனையில் சொட்டுச் சொட்டாக உப்புநீரும் இன்சுலினும் ஏற, கனவு மெல்ல வடிந்தது. முதலில் சுவர்கள் மூச்சு விடுவதை நிறுத்தின; அப்புறம் அந்தத் தோட்டத்தின் வாசனை போனது. இன்னும் ஒருநாள் தாமதித்திருந்தால் தன் கையில் ஒன்றும் இருந்திருக்காது என்று மருத்துவர் கடுமையாகவே சொன்னார். அதன்பின் குரலைத் தணித்து, எடை இப்படியே ஏறிக்கொண்டே போகாது, சாப்பாட்டையும் மருந்தையும் சேர்ந்தே சரிபார்க்கலாம், ஊசி விஷயத்தில் மட்டும் பேரம் பேசாதீர்கள் என்றார்.

இயக்குநர் அம்மா பார்க்க வந்தார். அவர் வாய் திறக்குமுன் இவளே கேட்டுவிட்டாள்.

"வேற ஆள் பார்த்துட்டீங்களா?"

"பார்க்கத்தான் நினைச்சேன்."

"குண்டாயிட்டேன்னா?"

"அட போம்மா. நாப்பது பையைக் கட்டி ஒரு யானையையே தூக்குவான் உங்கண்ணன். குண்டா இருந்தா எனக்கென்ன? ஆனா எடை தெரியாத ஆளை நான் மேலே அனுப்ப மாட்டேன். தினமும் ஏறுறதுக்கு முன்னாடி அவன் கண்ணு முன்னால தராசுல நில்லு, சர்க்கரை பாரு. முடியும்னா மேகம் நீதான். முடியாதுன்னா இப்பவே சொல்லிடு."

எவ்வளவு எளிதான நிபந்தனை. அவளுக்கு அதைவிடக் கடினமான ஒன்றை யாரும் கேட்டிருக்க முடியாது.

மீண்டும் அரங்கத்துக்குப் போன அன்று, பக்கத்திரைக்குப் பின்னால் அண்ணன் கைகளில் கட்டோடு காத்திருந்தான். தராசு தரையில் இருந்தது. அவன் நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"திரும்புடா அண்ணா. பாரு."

அவள் ஏறி நின்றாள். கண்ணை மூடவில்லை. முள் அசைந்து அசைந்து நின்ற இடத்திலிருந்த எண்ணை அவளே வாய்விட்டுப் படித்தாள். விளக்குக்காரருக்குக்கூடக் கேட்கும்படி படித்தாள். ஒப்பனைக்காரி எதையோ சொல்ல வாயெடுத்து, அண்ணியின் பார்வையைக் கண்டு மூடிக்கொண்டாள்.

"ஒரு சின்னப் பை போதும்" என்று அண்ணி, நைட்டித் துணியில் தைத்த காலிப் பையை நீட்டினாள்.

"நைட்டி தீர்ந்துடப் போகுது அண்ணி."

"இன்னொன்னு கிழியட்டும், உங்கண்ணன் புதுசு வாங்கித் தரட்டும்."

வாளியிலிருந்த மணலைக் கையால் அள்ளி அவளே பையை நிரப்பினாள். மணல் ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது. வாயைக் கட்டித் தூக்கிப் பார்த்தாள். நல்ல கனம். மடியில் தூங்கும் ஒன்றைத் தூக்குவதுபோல் இருந்தது. கொண்டுபோய்த் தானே மாட்டினாள்.

"போலாமா, பாறாங்கல்லே?" என்றான் அண்ணன்.

"பாறாங்கல்லா? கயிறை ஒழுங்காப் பிடி. கை வலிக்குதுன்னு பாதியில விட்டுடாதே."

நீல விளக்கு நிறைந்தது. மேலே ஏறியபோது உடம்பு இருப்பது இம்முறை அவளுக்கு மறக்கவில்லை. கச்சை இடுப்பைப் பிடித்திருந்தது. ஊசி போட்ட இடம் லேசாக உறுத்தியது. கயிற்றின் மறுமுனையில் தன் அளவே ஆன ஒரு கனம் தனக்கு எதிராக, தனக்குத் துணையாக இறங்கிக்கொண்டிருந்தது. இருபுறமும் பாரம் கூடியிருந்ததால் அசைவில் பழைய படபடப்பு இல்லை. உண்மையான மேகங்கள் எவ்வளவு தண்ணீரைச் சுமந்துகொண்டு எவ்வளவு நிதானமாகப் போகின்றன என்று அவளுக்குத் தோன்றியது.

இறங்கத் தொடங்கினாள். கூட்டம் மூச்சைப் பிடித்தது. அவள் வருவதற்கு வழக்கத்தைவிட நேரமானதால், வழக்கத்தைவிட நெடுநேரம் பிடித்தது. உறங்கும் ஊரின் பலகைக் கூரைகள் மெல்ல மெல்ல அருகில் வந்தன. கால்விரல் பலகையைத் தொட்டது. எப்போதும் பட்டும் படாமலும் தொடுபவள், இன்று கொஞ்சம் அழுத்தியே தொட்டாள்.